பாகூர் ஏரியின் சாவி சொர்ணாவூரில்

கடலூர் சாலையில் தெற்கே போய் மேற்கே திரும்பினால் பாகூர். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பேர் வாங்கிய ஊர். நம் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி இங்கேதான் இருக்கிறது. ஆனால் இந்தப் பக்கத்து விவசாயிகள் தண்ணீருக்காக மனுக் கொடுக்கப் போனால், ஏரியைப் பற்றிப் பேசுவதைவிட சொர்ணாவூரைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். சொர்ணாவூர் புதுச்சேரியில் இல்லை. தமிழ்நாட்டில், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. சொந்த ஊரில் ஏரியை வைத்துக்கொண்டு பக்கத்து மாநிலத்து ஊரைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சேர்ந்தே பார்த்துவிடலாம்.

ஏரி என்றதும் நம் எல்லோர் மனதிலும் ஓடுவது ஒன்றுதான்: மழை பெய்யும், ஏரி நிரம்பும். ஆகவே தூர்வாரி, கரையைப் பலப்படுத்திவிட்டால் வேலை முடிந்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டால் இது நிற்காது.

புதுச்சேரியில் ஆண்டுக்குச் சராசரியாக 1,300 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. ஒரு போகம் நெல்லுக்கு வயலில் ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் தேவை. அப்படியானால் ஓர் ஏக்கர் ஏரிப் பரப்பில் விழுகிற மழை முழுவதையும் சொட்டு விடாமல் பிடித்துவைத்தாலும், ஓர் ஏக்கர் நெல்லுக்குத்தான் காணும். வெயில் உறிஞ்சுவதையும் மண் குடிப்பதையும் கழித்தால் அதுவும் தேறாது. பாகூர் ஏரியின் ஆயக்கட்டோ, அதாவது அது பாசனம் தரவேண்டிய நிலமோ, ஏரியைவிடப் பெரியது. நிலத்தில் விழும் மழையும் சுற்றுப்புறத்திலிருந்து ஓடிவரும் மழைநீரும் ஓரளவுக்குக் கைகொடுக்கும். மிச்சம் எங்கிருந்து வரும்?

தென்பெண்ணையிலிருந்து வருகிறது. சொர்ணாவூரில் ஆற்றின் குறுக்கே ஓர் அணைக்கட்டு இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் வரும்போது அது தேங்கி, ஒரு பங்கு பங்காரு வாய்க்காலில் திரும்பும். அந்த வாய்க்கால் வழியில் உள்ள ஏரிகளுக்கும் ஊட்டிவிட்டு பாகூர் ஏரிக்கு வந்து சேர்கிறது. நம் வீட்டு மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் கீழிருந்து வரும் குழாய் அடைத்திருந்தால் தண்ணீர் ஏறாது. ஊசுட்டேரிக்கும் இதே கதைதான். அதற்குக் குழாய், சங்கராபரணி ஆற்றிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால்.

இப்போது பாசன உரிமை என்றால் என்ன என்பது கொஞ்சம் தெளிவாகும். தென்பெண்ணைத் தண்ணீர் பாகூருக்குச் சொந்தம் என்று யாரும் கேட்கவில்லை. ஆற்றில் வரத்து இருக்கும்போது நம் பங்கு வாய்க்காலில் திரும்ப வேண்டும், திரும்பியது கடைசி ஏரிவரை வந்து சேர வேண்டும், இவ்வளவுதான் கேட்பது. இந்தப் பங்கைப் பற்றி பிரெஞ்சு ஆட்சியும் பிரிட்டிஷ் ஆட்சியும் அந்தக் காலத்திலேயே உடன்பாடு செய்துகொண்டன. ஆட்சிகள் போய்விட்டன. அணைக்கட்டு அந்தப் பக்கமும் ஏரி இந்தப் பக்கமுமாக இன்றும் அப்படியே இருக்கின்றன.

காகிதத்தில் உள்ள உரிமை வயலுக்கு வர மூன்று இடங்களைத் தாண்ட வேண்டும். முதலாவது தலைப்பு, அதாவது ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் இடம். அங்கே மணல் மேடிட்டாலும் ஷட்டர் பழுதானாலும், ஆறு நிறைய ஓடும்போதுகூட வாய்க்கால் காய்ந்து கிடக்கும். இரண்டாவது வாய்க்கால். அது எத்தனையோ ஊர் எல்லைகளைக் கடக்கிறது. ஓர் இடத்தில் கோரை மண்டினாலோ, யாரேனும் கரையைச் சீவி நிலத்தோடு சேர்த்துக்கொண்டாலோ, கீழே உள்ள அத்தனை ஊரும் பட்டினி. மூன்றாவது ஏரியின் மதகு. மேல்மடைக்காரர் அளவுக்கு மீறித் திறந்துகொண்டால் கடைமடைக்காரருக்கு வெறும் வாய்க்கால்தான் மிஞ்சும்.

இந்த மூன்றையும் தனியாளாக ஒருவர் காக்க முடியுமா? இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் வாய்க்கால் முழுவதையும் வெட்டிச் சீர்செய்ய முடியாது. சொர்ணாவூர் போய் அதிகாரியிடம் தனியாகப் பேசவும் முடியாது. ஆகவேதான் ஏரி இருந்த ஊரிலெல்லாம் கூட்டு ஏற்பாடும் இருந்தது. உத்திரமேரூரின் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளிலேயே ஏரி வாரியம் இருக்கிறது. மதகைத் திறந்து மூட, முறைவைத்துப் பாய்ச்ச ஊருக்கு ஒரு நீர்க்கட்டி இருந்தார். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சியின்போது சிண்டிகா அக்ரிகோல் என்ற விவசாயிகள் சங்கமும் கேஸ் கொம்யூன் என்ற பொதுநிதி அமைப்பும் இந்தப் பொறுப்பை ஏற்றிருந்தன.

இந்தக் கூட்டில் நிலம் உள்ளவர்கள் மட்டும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கோடையில் ஏரி வற்றியதும் உள்வாயில் முளைக்கும் புல்தான் ஆடுமாடுகளுக்கு மேய்ச்சல். தண்ணீர் இருக்கும் வரை மாடு குடிப்பதும் அங்கே, மீன் பிடிப்பதும் அங்கே. வாய்க்கால் செத்தால் நெல்லோடு சேர்ந்து பாலும் மீனும் போகும். ஆடுமாடு வைத்திருக்கும் நிலமற்ற குடும்பத்துக்கும் ஏரியில் பங்கு உண்டு. அவர்களை விட்டுவிட்டு ஏரியைக் காக்க நினைத்தால் கூட்டம் பாதிதான் சேரும்.

இவ்வளவு நல்ல ஏற்பாடு ஏன் தளர்ந்தது? ஆழ்துளைக் கிணறு வந்தது. சொந்த நிலத்தில் மோட்டார் ஓடும்போது பத்து ஊர் தள்ளி இருக்கும் தலைப்பைப் பற்றி யார் நினைப்பார்கள்? நீர்க்கட்டி வேலை இழந்தார், வாய்க்கால் கேட்பாரற்றுப் போனது. ஆனால் நிலத்தடி நீர் தனி ஊற்று அல்ல. ஏரியும் வாய்க்காலும் ஊறவிட்ட தண்ணீரைத்தான் மோட்டார் இறைக்கிறது. மேலே ஊட்டுவது நின்று கீழே இறைப்பது தொடர்ந்தால், கடலோரத்தில் அந்த இடத்தை உப்புநீர் பிடித்துக்கொள்ளும். புதுச்சேரியின் கடலோரப் பகுதிகள் சிலவற்றில் இது நடந்துகொண்டிருக்கிறது.

இதை உணர்ந்துதான் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு 1999இல் ஏரி சீரமைப்புத் திட்டம் ஒன்று தொடங்கியது. புதுச்சேரி வட்டாரத்தின் 84 ஏரிகளை எடுத்துக்கொண்ட அந்தத் திட்டம், மண் வேலையோடு நிற்காமல் ஏரிச் சங்கங்களையும் மறுபடி உயிர்ப்பிக்கப் பார்த்தது. பங்காரு வாய்க்காலை நம்பிய விவசாயிகளும் கூட்டமைப்பாகச் சேர்ந்து தலைப்பையும் வாய்க்காலையும் சீர்செய்யச் சொல்லிக் குரல் கொடுத்து வருகிறார்கள்.

இன்னும் மேலே போனால் பிரச்சினையும் பெரிதாகிறது. தென்பெண்ணை கர்நாடகத்தில், நந்தி மலைப் பக்கம் பிறக்கிறது. அதன் துணையாறான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் அணை கட்டியதை எதிர்த்துத் தமிழ்நாடு 2018இல் உச்ச நீதிமன்றம் போனது. இடையில் சாத்தனூர் அணை இருக்கிறது. இத்தனை பேர் கையைத் தாண்டி வருகிற ஆற்றில் பாகூர் கடைமடை. மேலே எது நடந்தாலும் முதலில் உணர்வது இங்கேதான், வறட்சியானாலும் வெள்ளமானாலும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலையொட்டி சாத்தனூரிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி வரை திறந்துவிட்டபோது பாகூர்ப் பகுதி ஊர்களுக்குள் ஆறு புகுந்தது.

நகரத்தில் இருக்கும் நமக்கும் இதில் வேலை இருக்கிறது. நாம் குடிப்பது பெரும்பாலும் நிலத்தடி நீர். அதற்காக பாகூர்ப் பக்கம் ஆழ்துளைக் கிணறுகள் போடத் திட்டம் வந்தபோது அங்குள்ள விவசாயிகள் எதிர்த்தார்கள். ஊருக்குத் தண்ணீர் தர மனமில்லாதவர்கள் என்று அவர்களை நினைத்துவிட வேண்டாம். ஊட்டுகிற வாய்க்காலைச் சரிசெய்யாமல் இறைப்பதை மட்டும் கூட்டினால் இருவருக்கும் இல்லாமல் போகும் என்பதுதான் அவர்கள் பயம். அடுத்த முறை ஏரி தூர்வாருவதாக அறிவிப்பு வந்தால் கை தட்டுவோம், கூடவே ஒரு கேள்வியும் கேட்போம்: வரத்து வாய்க்கால் தலைப்பிலிருந்து திறந்திருக்கிறதா? விவசாயி இத்தனை காலமாகக் கேட்பதும் அதைத்தான். நாமும் சேர்ந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் சீக்கிரம் சொல்வார்கள்.