சென்ற ஆண்டு வந்த காய்ச்சல் இவ்வாண்டும் வருவது ஏன்?

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் தாம்பரம், பல்லாவரம், முடிச்சூர்ப் பகுதிகளில் காய்ச்சலும் இருமலும் பெருகுகின்றன. அப்போது பலர் எழுப்பும் வினா இது: "தட்டம்மை ஒரு முறை வந்தால் மறுபடியும் வருவதில்லை. இன்ஃபுளுயன்சா மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?"

மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள சளிப்படலமே நமது முதல் அரண். அதைக் கடந்து வைரஸ் ஒரு செல்லுக்குள் புகுந்துவிட்டால், அச்செல் இன்டர்ஃபெரான் என்னும் புரதத்தை வெளியிட்டு அண்டைச் செல்களை எச்சரிக்கிறது. காய்ச்சல், உடல்வலி, சோர்வு ஆகியவை பெரும்பாலும் இப்போராட்டத்தின் அறிகுறிகளே. ஏறக்குறைய ஒரு வாரத்தில் டி செல்கள் தொற்றுற்ற செல்களை அழிக்கின்றன. பி செல்கள் உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் வைரஸின் மேற்புறப் புரதத்தைப் பற்றிக்கொண்டு, அது புதிய செல்களுக்குள் நுழையாதவாறு தடுக்கின்றன. நோய் நீங்கிய பின்னும் நினைவுச் செல்கள் உடலில் தங்குகின்றன.

இந்நினைவு நெடுங்காலம் நிலைக்கக்கூடியது. 2009ஆம் ஆண்டு புதிய எச்1என்1 வைரஸ் உலகெங்கும் பரவியது; சென்னையில் கிண்டி கிங் ஆய்வகத்தில் சளி மாதிரிகள் சோதிக்கப்பட்டன. அப்போது இளைஞர்களைவிட முதியோரிடம் தொற்று குறைவாகவே காணப்பட்டது. அவர்களுள் பலர் இளமையில் அதனை ஒத்த வைரஸைச் சந்தித்திருந்தனர்.

எனினும் தட்டம்மை வைரஸைப் போலன்றி, இன்ஃபுளுயன்சா வைரஸ் தன் மேற்புறப் புரதத்தை இடைவிடாது மாற்றிக்கொள்கிறது. பழைய எதிர்ப்பொருள் புதிய வடிவத்தை முழுமையாக அடையாளம் காண்பதில்லை. அதன் அளவும் மாதங்கள் செல்லச் செல்லக் குறைகிறது. ஆகவேதான் ஆண்டுதோறும் தடுப்பூசி தேவைப்படுகிறது.

தடுப்பூசி பயனளிக்க ஏறத்தாழ இரண்டு வாரங்களாகும். எனவே மழைக்காலத்திற்கு முன், செப்டம்பரிலேயே போட்டுக்கொள்வது நன்று. அதன் பின்னரும் சிலருக்குக் காய்ச்சல் வரலாம். ஆயினும் நோய் தீவிரமடையும் வாய்ப்பு குறைகிறது. முதியோர், கர்ப்பிணிகள், நீரிழிவு, ஆஸ்துமா, இதய நோய் உள்ளோர் இதனைத் தவறவிடலாகாது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இத்தடுப்பூசி போட இயலாது. கர்ப்ப காலத்தில் தாய் போட்டுக்கொண்டால், அவரது எதிர்ப்பொருள்களே பிறக்கும் குழந்தைக்குக் காவலாகும்.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மனக்குழப்பம், தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறுதல், குழந்தை பால் குடிக்க மறுத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு வருக. வைரஸ் எதிர்ப்பு மருந்து முதல் இரண்டு நாள்களுக்குள் தொடங்கப்பட்டால் மிகுந்த பயன் தரும்.