உள்ளங்கையில் ஒரு ஹெரால்டு... தாத்தா ஓட்டிய காரை நீங்களே செய்யலாம்!

'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்றதும் வீட்டுப் பெரியவர்களின் முகம் மலர்ந்தால் ஆச்சர்யப்படாதீர்கள். அது நம்ம ஊர் கார். பிரிட்டனில் 1959-ல் 'ட்ரையம்ப் ஹெரால்டு' என்ற பெயரில் அறிமுகமானது. வடிவமைத்தவர் இத்தாலியைச் சேர்ந்த ஜியோவானி மிகெலோட்டி. 1961 முதல் சென்னையில் 'ஸ்டாண்டர்டு' என்ற பெயரோடு தயாராகி, இந்தியச் சாலைகளில் ஓடியது. வண்டலூர் பக்கம் இருந்த அந்த ஆலை மூடப்பட்டு பல வருடங்கள் ஆகின்றன. ஓடும் நிலையில் இருக்கும் ஹெரால்டுகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

நிஜ காரை வாங்கிப் பராமரிக்க எல்லோராலும் முடியாது. ஆனால், 12 சென்டிமீட்டரில் ஒன்றைச் செய்துவிடலாம். பிரிட்டனின் 'ஏர்ஃபிக்ஸ்' நிறுவனம் ட்ரையம்ப் ஹெரால்டுக்கு 1:32 அளவில் பிளாஸ்டிக் கிட் வெளியிட்டிருக்கிறது. நிஜ காரின் நீளம் சுமார் 3,886 மில்லிமீட்டர். 32-ஆல் வகுத்தால் 121 மில்லிமீட்டர். அதாவது, உள்ளங்கையில் நிற்கும் கார்!

பொம்மையா, நிஜமா?

ஒரே கிட்டை இரண்டு பேர் செய்தாலும் ஒன்று பொம்மைபோலவும், மற்றொன்று நிஜ கார்போலவும் தெரியும். காரணம், பெயின்ட்டின் கனம். காரைச் சுருக்கிவிட்டோம், பெயின்ட்டைச் சுருக்கவில்லை. மாடலில் 0.1 மில்லிமீட்டர் கனத்துக்குப் பெயின்ட் அடித்தால், நிஜ காரில் அது 3 மில்லிமீட்டருக்கும் மேல். தோசை மாவு ஊற்றியதுபோல இருக்கும்!

ஹெரால்டில் இது இன்னும் முக்கியம். அதன் உடல் ஒரே கூடாகச் செய்யப்பட்டதல்ல. தனித்தனிப் பகுதிகளை போல்ட் போட்டு, தனிச் சட்டகத்தின் மேல் பொருத்தியிருப்பார்கள். அந்த இணைப்புக் கோடுகள்தான் ஹெரால்டின் அடையாளம். நிஜ காரில் 5 மில்லிமீட்டர் இடைவெளி என்றால், மாடலில் 0.16 மில்லிமீட்டர்தான். கனமாக ஒரு கோட் அடித்தால் போதும், கதவே காணாமல் போய்விடும்.

டிங்கரிங் கடை பாடம்

செய்முறை, டிங்கரிங் கடையில் நடப்பதுதான். முதலில் பாகங்களை சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். அச்சிலிருந்து வரும் எண்ணெய்ப் பசை ஒட்டியிருந்தால் பெயின்ட் பிடிக்காது. பாகங்களைத் திருகிப் பிய்க்காமல், சின்ன கட்டரால் நறுக்கி எடுத்து, பிசிறை உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். பள்ளம் இருந்தால் பட்டி பார்த்து, வாட்டர் பேப்பர் போட்டு, அதன் பிறகே பிரைமர்.

நிறம் அடிக்கும்போது ஒரே மூச்சில் மூடிவிட ஆசை வரும். வேண்டாம். முதல் கோட் அடித்ததும் அடியில் இருக்கும் பிரைமர் திட்டுத் திட்டாகத் தெரிய வேண்டும். மெல்லிசாக மூன்று, நான்கு கோட். ஒவ்வொன்றும் காயும் வரை பொறுமை. நன்றாகக் காய்ந்ததும் 2000-ம் நம்பர் வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்து, கடைசியில் பாலிஷ். கார்களுக்கு அடிக்கும் ஸ்பிரே பெயின்ட் சில நேரம் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். எனவே, பாகங்களைத் தாங்கி வரும் சட்டத்தில் முதலில் அடித்துப் பாருங்கள். மழை நாளில் ஸ்பிரே வேண்டாம்; காற்றின் ஈரத்தில் பெயின்ட் வெளிறிப்போகும். முகக்கவசமும், திறந்த ஜன்னலும் அவசியம்.

கோடுகளை எடுத்துக்காட்ட, தண்ணீராகக் கரைத்த அடர் பழுப்பு நிறத்தை ஓடவிட்டுத் துடைத்தாலே போதும். கறுப்பு என்றால் கார்ட்டூன்போல ஆகிவிடும். டயருக்கும் பளபள கறுப்பு ஆகாது. கொஞ்சம் சாம்பல் கலந்த, மினுமினுப்பில்லாத கறுப்புதான் ரப்பராகத் தெரியும். கண்ணாடிகளைக் கடைசியில் ஒட்டுங்கள். அதற்கு சூப்பர் க்ளூ கூடாது. அதன் ஆவி பட்டால் கண்ணாடி புகை படிந்ததுபோல வெளுத்துவிடும். வெள்ளை ஃபெவிக்கால் போதும். அது காய்ந்தால் தெரியாது.

நம்ம ஊர் ஹெரால்டு வேண்டுமா?

இங்கேதான் உண்மையான சவால். கிட்டில் இருப்பது பிரிட்டிஷ் கார், இரண்டே கதவு. சென்னையிலோ, பிற்பாடு இந்தியாவுக்கென்றே நான்கு கதவு ஹெரால்டு தயாரானது. அதுதான் உங்கள் வீட்டு வண்டி என்றால், நீளமான கதவின் பின்கோட்டைப் பட்டியால் மூடி, முன்கதவு, பின்கதவு இரண்டையும் ஊசிமுனையால் புதிதாகக் கீற வேண்டும். முன்னால் இருக்கும் 'ட்ரையம்ப்' பெயரும் இருக்கக் கூடாது. அப்போது நம் ஊரில் சொந்த வண்டிகளுக்குக் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்துதான் என்பதால், நம்பர் பிளேட்டையும் மாற்ற வேண்டும்.

சரி, என்ன நிறம்? கறுப்பு வெள்ளை போட்டோ இதைச் சொல்லாது. வீட்டில் கேட்டால், "லைட் நீலம்" என்பார் அத்தை. "இல்லவே இல்லை, பச்சை" என்பார் சித்தப்பா. சீட் கவர் எது, டேஷ்போர்டில் எந்தச் சாமி படம், எந்தக் கதவு சரியாகச் சாத்தாது என்று பேச்சு நீளும். எந்த கிட்டிலும், எந்தக் குறிப்புப் புத்தகத்திலும் இல்லாத தகவல்கள் இவை. வண்டியில் ஏறியவர்களுக்கு மட்டுமே தெரியும்.

கிட் வீட்டுக்கு வர நாளாகலாம். பெயின்ட் காயவும் நாளாகும். அதற்கெல்லாம் காத்திருக்கலாம். இந்தக் கேள்விகளை மட்டும் இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டுவிடுங்கள்.