தண்டவாளமே நகரும் பாஸ்!

ஸ்ரீவில்லிபுத்தூரில் ரயில் ஏறினால் அடுத்த பெரிய ஸ்டேஷன் ராஜபாளையம். சுமார் 11 கிலோமீட்டர். கையில் இருக்கும் பால்கோவா தீர்வதற்குள் ஊர் வந்துடும்!

இந்த ரூட்டை உங்க வீட்டு மாடி ரூமில் மாடல் ரயிலா ஓட்டணும்னு ஆசையா? உலகம் முழுக்க பாப்புலரான ‘ஹெச்.ஓ.’ சைஸில், அதாவது நிஜத்தைவிட 87 மடங்கு சின்னதா செஞ்சாலும், ரெண்டு ஊருக்கும் நடுவில் 126 மீட்டர் தண்டவாளம் வேணும். ஆண்டாள் கோயில் ராஜகோபுரம் மட்டுமே 67 செ.மீ. உயரத்துக்கு நிற்கும். ரூமும் தாங்காது, பர்ஸும் தாங்காது!

அதனால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனை மட்டும் செய்யுங்க. கிளம்புற வண்டி அட்டையில் செய்த மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பின்னால் மறையட்டும். பார்க்கிறவங்களுக்கு அது ராஜபாளையம் போயிடுச்சு. மலைக்குப் பின்னால் இருப்பதோ நாலு தடம் போட்ட ஒரு பலகை. ஒண்ணில் பொதிகை, ஒண்ணில் சிலம்பு, ஒண்ணில் மதுரை - செங்கோட்டை பாசஞ்சர், ஒண்ணில் கூட்ஸ். பலகையைப் பக்கவாட்டில் தள்ளினால், எந்த வண்டி வேணுமோ அந்தத் தடம் மெயின் லைனோடு சேரும்.

இதுக்குப் பேர் டிராவர்சர். பொம்மைச் சமாச்சாரம்னு நினைக்காதீங்க. 1955-ல் தொடங்கிய சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் முழு ரயில் பெட்டியையே இப்படித்தான் ஒரு தடத்திலிருந்து இன்னொண்ணுக்கு நகர்த்துறாங்க. நாலு தடத்தை பாயிண்ட்ஸ் வைத்துப் பிரிக்க, சாண் நீளத்தில் மூணு பாயிண்ட்ஸ் வாங்கணும். இதில் அந்தச் செலவும் மிச்சம், இடமும் மிச்சம்.

எப்படிச் செய்வது?

பலகை: ஐ.சி.எஃப். பெட்டி ஒண்ணு இந்த அளவில் சுமார் 26 செ.மீ. மூணு பெட்டி, ஒரு இன்ஜின் சேர்ந்தால் ஒரு மீட்டர். அதனால் 4 அடி நீளத்தில் 12 மி.மீ. பிளைவுட் போதும். தடங்களுக்கு நடுவே 6 செ.மீ. விடுங்க, விரல் நுழையணும். பலகை நகர, கீழே ஒன்றரை அடி அகலம் இடம் வேணும். மழைக்காலத்தில் உப்பாமலிருக்க ரெண்டு பக்கமும் பிரைமர் அடிச்சிடுங்க.

நகர்த்த: கார்பென்டர் மேஜை டிராயருக்கு மாட்டுற பால் பேரிங் சேனல், 12 இஞ்ச், ஒரு ஜோடி. பலகையின் ரெண்டு முனைக்கும் பக்கத்தில், தண்டவாளத்துக்குக் குறுக்காக ரீப்பரில் மாட்டுங்க. படுக்க வைக்காதீங்க, தொங்கிடும். டிராயரில் இருப்பது போலவே நிமிர்ந்து நிற்கணும்.

பூட்ட: மெயின் லைன் பக்கம் ஒரு பித்தளைத் தாழ்ப்பாள். பலகையில் தடத்துக்கு ஒரு பித்தளை வளையம். ஒவ்வொரு தடத்தையும் மெயின் லைனோடு நேராக்கின பிறகுதான் அதன் வளையத்தை முடுக்கணும். தண்டவாளம் முதலில், தாழ்ப்பாள் பிறகு! தண்டவாள முனைகளைப் பித்தளை ஸ்க்ரூவில் சால்டர் பண்ணிட்டா அசையாது.

கரன்ட்: 12 வோல்ட் டி.சி. ஒரு வயரைத் தாழ்ப்பாளிலும், ஒவ்வொரு வளையத்தையும் அதன் தடத்தில் ஒரு தண்டவாளத்தோடும் இணைங்க. எதிர்த் தண்டவாளங்கள் நாலுக்கும் பொதுவா ஒரு வளையும் வயர். தாழ்ப்பாள் நுழைஞ்ச தடத்துக்கு மட்டும்தான் கரன்ட். மத்த மூணு வண்டியும் சமர்த்தா நிற்கும்!

இன்ஜினியரிங் டிராயிங்கில் ‘டாலரன்ஸ்’னு படிச்சு மறந்திருப்பீங்க. இங்கே மறக்கவே முடியாது. பரீட்சையில் ஒரு கேள்வியை விட்டாலும் பாஸ் ஆகலாம். இங்கே மூணு தடம் கச்சிதமா இருந்து, நாலாவது ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் அந்த வண்டி தடம் புரளும். கெஞ்சினாலும் மார்க் போடாது!

மாடல் இன்ஜின் விலை அதிகம்தான். ஆனா தடம் நாலாச்சே? நாலு ஃப்ரெண்ட்ஸ் சேருங்க, ஆளுக்கொரு வண்டி!