சிலிண்டருக்குள் புகைபோக்கி வாயு… தெரியுமா?

புனே சாங்வியில் குடியிருப்பவர்கள் முளா ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஔந்த் பக்கம் வந்து, இன்னும் சற்றுத் தள்ளிப் போனால் பாஷாண். 1950 ஜனவரியில் நேரு திறந்துவைத்த தேசிய வேதியியல் ஆய்வகம் அங்கேதான் இருக்கிறது. அதன் வளாகத்தில் 2020-ல் ஓர் அடுப்பு அறிமுகமானது தெரியுமா? பெயர் ‘அதிதி ஊர்ஜா சஞ்ச்’. நம் வீட்டு கேஸ் அடுப்பு மாதிரிதான். ஆனால் இந்த பர்னர் எல்.பி.ஜி.யிலும் எரியும், டைமெத்தில் ஈதரிலும் எரியும், இரண்டும் கலந்தாலும் எரியும்!

அது என்ன டைமெத்தில் ஈதர்? டியோடரன்ட் டப்பாவை அழுத்தினால் ‘உஸ்’ என்று வாசனையைத் தள்ளிக்கொண்டு வருகிறதே, பல டப்பாக்களில் அந்த வேலையைச் செய்வது இதே வாயுதான். லேசாக அழுத்தினால் திரவமாகிவிடும், ஆகவே சிலிண்டரில் அடைக்கலாம். இதன் மூலக்கூறில் கார்பனும் கார்பனும் நேராகக் கைகோப்பதே இல்லை. அதனால் எரியும்போது கரி படியாது. பாத்திரத்தின் அடி கறுக்காது!

மெத்தனாலிலிருந்து நீரைப் பிரித்தால் டைமெத்தில் ஈதர். டாக்டர் டி. ராஜா தலைமையிலான குழு இதற்கான வினையூக்கியை உருவாக்கி, நாளொன்றுக்கு 20 முதல் 24 கிலோ வரை தயாரிக்கும் முன்னோடி ஆலையையும் அந்த ஆய்வகத்திலேயே நிறுவியது. சரி, மெத்தனால் எங்கிருந்து வரும்? இன்று உலகில் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. ஆனால் புகைபோக்கியில் வீணாய்ப் போகும் கரியமில வாயுவிலிருந்தும் வரவழைக்கலாம்! 44 கிலோ கரியமில வாயுவோடு 6 கிலோ ஹைட்ரஜனைச் சேர்த்து, செம்பும் துத்தநாகமும் கலந்த வினையூக்கியின் மேல் சூடும் அழுத்தமுமாகச் செலுத்தினால் 32 கிலோ மெத்தனால், 18 கிலோ தண்ணீர். கணக்கு இம்மியும் பிசகாது.

மத்தியப் பிரதேசத்தின் விந்தியாச்சல் அனல்மின் நிலையத்தில் என்.டி.பி.சி. இதைச் செய்தே காட்டிவிட்டது. நாளுக்கு 20 டன் கரியமில வாயுவைப் புகையிலிருந்து பிரிக்கும் அமைப்பு 2022-ல் அங்கே வந்தது. அதிலிருந்து நாளுக்கு 10 டன் மெத்தனால் எடுக்கும் ஆலையும் பின்னாலேயே எழுந்தது. ஐஸ்லாந்தில் 2012 முதலே பூமிக்கடியிலிருந்து வரும் வாயுவைப் பிடித்து மெத்தனாலாக்கினார்கள். அந்த ஆலைக்கு நோபல் வேதியியலாளர் ஜார்ஜ் ஓலாவின் பெயர்!

நம் தூத்துக்குடி விந்தியாச்சலை முந்திக்கொண்டது தெரியுமா? 2016-லேயே அங்குள்ள ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலை, தன் நிலக்கரி பாய்லர் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிடிக்கும் திட்டத்தில் இறங்கியது. புகையை ஒரு கரைசலுக்குள் விட்டால், கரைசல் கரியமில வாயுவை மட்டும் பற்றிக்கொள்ளும்; சூடாக்கினால் விட்டுவிடும். அந்தக் கரைசலைக் கொடுத்தது, கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இருவர் 2009-ல் தொடங்கிய கார்பன் க்ளீன் நிறுவனம். அரசு மானியம் ஒரு பைசா இல்லை! பிடித்த வாயு உப்போடும் அம்மோனியாவோடும் சேர்ந்து சோடா ஆஷ் ஆனது. கண்ணாடிக்கும் சலவைத் தூளுக்கும் போகிற சரக்கு அது. இது எரிபொருள் இல்லைதான். ஆனால் புகையை விலைக்கு வாங்க ஆள் இருக்கிறது என்று அன்றே நிரூபித்தது, அதுவும் உப்பளங்களின் ஊர்! எனக்கு இந்தக் கதைகளிலெல்லாம் மிகப் பிடித்தது இதுதான்.

ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. மெத்தனாலுக்கு வேண்டிய ஹைட்ரஜன் சும்மா கிடைக்காது. தண்ணீரைப் பிளந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க ஏறக்குறைய 50 யூனிட் மின்சாரம் வேண்டும். ஒரு டன் மெத்தனாலுக்கு ஹைட்ரஜனுக்கு மட்டுமே 9,000 யூனிட்டைத் தாண்டிவிடும். அந்த மெத்தனாலை எரித்தால் வெப்பமாகத் திரும்புவது சுமார் 5,500 யூனிட். அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்தே வந்தால் பிடித்ததைவிட விட்டது அதிகமாகிவிடும். வெயிலும் காற்றும் தரும் மின்சாரம் என்றால்தான் இது உருப்படும். இன்னொன்று, நிலக்கரிப் புகையை எரிபொருளாக்கினாலும் எரிக்கும்போது அது வானத்துக்கே போய்விடுகிறது. ஒரே கார்பனை இரண்டு முறை பயன்படுத்தினோம் என்பதே அதில் லாபம்.

ஆனால் செடியிலிருந்து வந்த கார்பன் என்றால்? காற்றிலிருந்து செடி எடுத்தது காற்றுக்கே திரும்புகிறது; புதிதாக எதுவும் கூடுவதில்லை. இங்கேதான் புனே மாவட்டத்துக்கு அடித்தது யோகம். சுற்றிலும் கரும்பு, சர்க்கரை ஆலைகள், எத்தனால் வடிப்பாலைகள். சர்க்கரை நொதித்து 92 கிலோ எத்தனால் ஆகும்போது கூடவே 88 கிலோ கரியமில வாயு வெளிவருகிறது தெரியுமா? கிட்டத்தட்ட எடைக்கு எடை! அதுவும் புகைபோக்கி வாயுவைப் போலக் கலப்படமாக இல்லாமல், பெரும்பாலும் சுத்தமாகவே வருகிறது. பிரித்தெடுக்கும் செலவு மிகக் குறைவு. குளிர்பானத்தில் நுரைக்கவும் உலர்பனி செய்யவும் இதில் ஒரு பகுதி ஏற்கெனவே விற்பனையாகிறது. மிச்சத்துக்குப் பக்கத்திலேயே சூரிய மின்சார ஹைட்ரஜன் கிடைத்துவிட்டால், கரும்புக் கொல்லையிலிருந்து மெத்தனால், மெத்தனாலிலிருந்து டைமெத்தில் ஈதர், அங்கிருந்து சாங்வி வீட்டு அடுப்பு!

எல்.பி.ஜி.யில் 20 சதவீதம் வரை டைமெத்தில் ஈதர் கலக்க இந்தியத் தர நிர்ணய அமைவனம் வழிவிட்டிருக்கிறது. அளவு கூடினால் ரப்பர் வளையங்களையும் குழாயையும் இந்த வாயு அரிக்கும், அவற்றை மாற்றியாக வேண்டும். நாம் எரிக்கும் எல்.பி.ஜி.யில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிற நாட்டில், அந்த 20 சதவீதமே எவ்வளவு பெரிய சங்கதி!