நோயின் வேரைத் தேடி வீடு வீடாக

ஒரு குழந்தை மருத்துவமனைக்கு வருகிறது. கால்கள் வீங்கியிருக்கின்றன, தலைமயிர் செம்பட்டை பாய்ந்திருக்கிறது. சில வாரச் சிகிச்சையில் தேறி வீடு திரும்புகிறது. ஆனால் மூன்றே மாதங்களில் அதே குழந்தை அதே நோயுடன் மீண்டும் வந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? மருந்தில் குறையா? அல்லது நோயின் வேர் வேறெங்கோ இருக்கிறதா?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த டாக்டர் சிட்னி கார்க், அவருடைய மனைவி டாக்டர் எமிலி கார்க் ஆகிய இருவர். 1940-ஆம் ஆண்டில் நேட்டால் மாநிலத்தில், டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்திலுள்ள போலேலா என்னும் ஊர்ப்புறத்தில் ஒரு நலவாழ்வு நிலையத்தைத் தொடங்கினர். அங்கு வாழ்ந்தவர்கள் சூலு மக்கள். எட்வர்டு ஜாலி என்ற மருத்துவ உதவியாளரும் அவர் மனைவி அமீலியா ஜாலி என்ற செவிலியரும் உடன் வந்தனர்.

வரும் நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. உள்ளூர் ஆண்களையும் பெண்களையும் பயிற்றி, குறிப்பிட்ட எல்லைக்குள் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பினர். வீட்டில் எத்தனை பேர்? யார் வெளியூரில் இருக்கிறார்? அடுப்பில் என்ன வேகிறது? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பிறந்த குழந்தைகளில் எத்தனை பிழைத்தன? எல்லாம் குறிக்கப்பட்டன.

விடைகள் வியப்பூட்டின. மக்கள் பெரும்பாலும் மக்காச்சோளத்தையே உண்டு வந்தனர். மக்காச்சோளத்தில் நியாசின் என்னும் வைட்டமின் இருந்தாலும், அது நம் குடல் எளிதில் உறிஞ்ச முடியாதபடி பிணைந்திருக்கிறது. உடல் தானே நியாசினைத் தயாரித்துக்கொள்ளத் தேவையான டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலமும் அதில் குறைவு. எனவேதான் தோல் வெடித்து, வயிறு கழிந்து, மனமும் குழம்பச் செய்யும் பெல்லாக்ரா நோய் அங்கு மலிந்திருந்தது. புரதம் போதாத குழந்தைகளைக் குவாஷியோர்க்கர் என்னும் வீக்கநோய் தாக்கியது.

மக்காச்சோளம்தான் தொன்றுதொட்ட உணவென்று பலரும் நம்பினர். முதியோருடன் பேசியபோது வேறு கதை வெளிப்பட்டது. முன்னோர் பாலும் இறைச்சியும் சிறுதானியங்களும் காட்டுக் கீரைகளும் உண்டவர்கள். நிலம் சுருங்கி, மண் அரிக்கப்பட்டு, மாடுகள் குறைந்த பிறகே உணவு மாறியது. விளைச்சல் போதாததால் ஆண்கள் ஜோகன்னஸ்பர்க் தங்கச் சுரங்கங்களுக்கும் டர்பன் நகருக்கும் கூலி வேலைக்குப் போயினர். குடும்பத்தைப் பிரிந்து விடுதிகளில் வாழ்ந்த அவர்கள் ஊர் திரும்பியபோது காசநோயும் சிபிலிஸ் என்னும் மேகநோயும் உடன் வந்தன. சிபிலிஸ் மனைவிக்கும், அவள் வயிற்றுக் குழந்தைக்கும் பரவியது. இந்தத் தொடர்பை டாக்டர் கார்க் 1949-இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார்.

சரி, பரிகாரம் என்ன? "பால் குடியுங்கள்" என்று சொல்லிவிடலாம். ஆனால் அங்கு, மணமாகி வந்த பெண் கணவன் வீட்டு மாடுகளின் பாலை அருந்தக் கூடாது என்பது வழக்கம். அதை அறியாத மருத்துவரின் அறிவுரை காற்றோடு போயிருக்கும். நிலையத்தார் வழக்கத்தைப் பழிக்கவில்லை, பால்பொடியைக் கொடுத்தனர். அது பாலிலிருந்து செய்தது என்பது பலருக்கும் தெரியும். ஆயினும் அதை "மாவு" என்றே வழங்கி ஏற்றுக்கொண்டனர். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் புரதம் கிடைத்தது. நிலையத்தின் மாதிரித் தோட்டத்தைப் பார்த்து வீடுதோறும் காய்கறித் தோட்டங்கள் எழுந்தன.

தொடக்கத்தில் பிறந்த 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 275 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. பத்தாண்டுகளுக்குள் அது 100 அளவுக்குக் குறைந்தது. ஆனால் ஆண்களை ஊரைவிட்டு விரட்டிய நிலப் பஞ்சத்தை நிலையத்தால் மாற்ற முடியவில்லை. அது அரசியலின் கையில் இருந்தது. இனஒதுக்கல் அரசின் ஆதரவின்றி இந்தப் பணி நலிய, கார்க் தம்பதியர் 1958-இல் நாட்டைவிட்டு வெளியேறினர்.

விதை மட்டும் அழியவில்லை. 1957-இல் ஜாக் கைகர் என்ற அமெரிக்க மருத்துவ மாணவர் போலேலாவுக்கு வந்து, சில மாதங்கள் தங்கிக் கற்றார். பின்னர் அவரும் அவர் தோழர்களும் அமெரிக்காவின் ஏழைப் பகுதிகளில் இத்தகைய நிலையங்களைத் தொடங்கினர். மிசிசிப்பி மாநிலத்தில் பசியால் வாடிய குழந்தைகளுக்கு மருந்துச் சீட்டில் உணவே எழுதித் தரப்பட்டது, கிணறுகள் தோண்டப்பட்டன. அமெரிக்காவில் இன்று இத்தகைய நிலையங்களால் பயன்பெறுவோர் 3 கோடிக்கும் மேல்.

போலேலா கற்பிக்கும் பாடம் எளியது. நோயாளியின் உடலைச் சோதிக்கும் மருத்துவர் நோயின் பெயரை அறிகிறார். அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்பவரே நோயின் காரணத்தை அறிகிறார். நாளை நீங்கள் மருத்துவராகவோ ஆசிரியராகவோ ஊர்ப்புறத்துக்குச் செல்லும்போது, அறிவுரை சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்று உங்கள் வீட்டில் என்ன சமைத்தீர்கள்?"