நடுவெயிலில் பாடும் சில்வண்டு!

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஜூன் மாத மதியம். வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொளுத்தும். பறவைகள்கூட நிழலில் ஒடுங்கிவிடும் அந்த நேரத்தில், மரங்களிலிருந்து மட்டும் மின்கம்பி இரைவதுபோல ஒரே சீரான சத்தம் கேட்கும். சோனோரன் பாலைவனத்தின் அப்பாச்சி சில்வண்டுதான் இப்படிப் பாடுகிறது.

சில்வண்டைப் பார்த்து ‘லோகஸ்ட்’, அதாவது வெட்டுக்கிளி என்று சொல்லும் பழக்கம் அமெரிக்கர்கள் பலருக்கு உண்டு. தப்பு! வெட்டுக்கிளிக்குத் தாவுவதற்கென்றே நீண்ட, தடித்த பின்னங்கால்கள் இருக்கும். இலையைக் கடித்துத் தின்னும். சில்வண்டுக்கு அந்தக் கால்களும் இல்லை, கடிக்கும் வாயும் இல்லை. ஊசி போன்ற குழலைக் கிளையில் செருகிச் சாறு உறிஞ்சும், அவ்வளவுதான். இது தெரியாவிட்டால் பூச்சிமருந்து டப்பாவைத்தான் கை தேடும்.

அப்பாச்சியை அடையாளம் காண முதுகைப் பாருங்கள். கறுத்த உடல், சுமார் ஓர் அங்குல நீளம். தலைக்குப் பின்னால் சட்டைக் காலர் போல ஒரு வெளிர்நிறப் பட்டை. கண்ணாடிச் சிறகுகள் ஓட்டுக்கூரை மாதிரி இருபுறமும் சரிந்திருக்கும். இரண்டு பெரிய கண்களுக்கு நடுவே மூன்று குட்டிக் கண்கள். அதே பாலைவனத்தில் கள்ளிச் செடிகளில் உட்கார்ந்து பாடும் இன்னொரு வகையும் உண்டு. அது சாம்பல் நிறம். மேலே வெள்ளைப் பொடி பூசினாற்போல இருக்கும்.

ஆணா, பெண்ணா? புரட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆணுக்கு வயிறு தொடங்கும் இடத்தில் செதில் போல இரண்டு தகடுகள். பாடுவது ஆண் மட்டுமே. பெண்ணின் வால்முனை கூராக இருக்கும். முட்டையிடும் ஊசி அங்கேதான்.

கண்ணுக்குத் தெரியாத அடையாளம் ஒன்றும் உண்டு: இதற்கு வியர்க்கும்! 1980-களில் எரிக் டூல்சன், நீல் ஹேட்லி என்ற விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்தார்கள். நம்மூர் சீமைக்கருவேலத்தின் பங்காளியான மெஸ்கீட் போன்ற மரங்களில் உறிஞ்சிய நீரை, உடலிலுள்ள நுண்துளைகள் வழியே வெளியேற்றிச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறது. எதிரிகள் வெயிலுக்கு ஒதுங்கும் நேரம் பார்த்து இது பாடும் தைரியம் அதனால்தான். தண்ணீர் கிடைக்காவிட்டால் கச்சேரியும் இல்லை, உயிரும் இல்லை.

கோடையில் கிளை நுனிகள் பழுத்துக் காய்ந்தால் பதற வேண்டாம். பெண் சில்வண்டு குச்சியைக் கீறி முட்டையிட்ட தடம் அது. வளர்ந்த மரத்துக்கு ஒன்றும் ஆகாது. புதிதாக நட்ட கன்று என்றால் மட்டும் மேலே வலை போர்த்திவிடலாம்.