விலைக்கு வேலி போடுமுன்…

வெளிநாட்டு உழைப்பை நம்பி வாழும் குடும்பங்கள் கலேவெல போன்ற நமது ஊர்களில் பல. அந்தச் சேமிப்பை இணையத்திலுள்ள நாணயக் குளமொன்றில் இடுங்கள், விலை எல்லையை நீங்களே குறிக்கலாம், கட்டணம் வந்துகொண்டேயிருக்கும் என்று ஆசை காட்டுவோர் உண்டு. அந்த எல்லை செய்யும் வேலையை முதலில் அறிந்துகொள்ளுங்கள்.

தம்புள்ள சந்தையில் வெங்காயமும் காசும் வைத்திருக்கும் வியாபாரி ஒருவரை எண்ணிப் பாருங்கள். "கிலோ 200 ரூபாவுக்கும் 300 ரூபாவுக்கும் இடையில் யார் வந்தாலும் வாங்குவேன், விற்பேன்" என்கிறார். விலை இறங்க இறங்க எல்லோரும் அவரிடமே வெங்காயத்தைக் கொட்டுவார்கள். 200 ஐத் தொடும்போது காசு தீர்ந்து, கடை நிறைய வெங்காயமே மிஞ்சும். விலை ஏறி 300 ஐத் தொட்டால் வெங்காயம் தீர்ந்துவிடும். பிறகு விலை 400 ஆனாலும் அந்த ஆதாயம் அவருக்கில்லை.

2021 மே மாதம் வெளியான யுனிஸ்வொப் மூன்றாம் பதிப்பு இவ்வாறே இயங்குகிறது. ஈதர் நாணயத்துக்கு 2,000 முதல் 3,000 டொலர் வரை எல்லை குறித்தீர்கள் என வைத்துக்கொள்வோம். விலை அதற்குள் நிற்கும்வரை, நடக்கும் கொடுக்கல் வாங்கலில் உங்களுக்குக் கட்டணப் பங்கு உண்டு. எல்லையைக் குறுக்கினால் அதே முதலுக்குப் பங்கு கூடும். ஆனால் விலை வெளியே பாய்வதும் எளிதாகும். பாய்ந்ததும் கட்டணம் நின்றுவிடும். 2,000 இற்குக் கீழே போனால் உங்கள் கையில் மிஞ்சுவது விலை வீழ்ந்த ஈதர் மட்டுமே. அதுவரை சேர்ந்த கட்டணம் அந்த நட்டத்தை ஈடுசெய்யாமலும் போகலாம்.

ஒரு விலையைப் பிடித்து நிற்பதன் சிரமத்தை நமது நாடே கண்டிருக்கிறது. 2021 செப்டெம்பரிலிருந்து டொலரை ஏறத்தாழ 203 ரூபாவில் நிறுத்தி வைத்தார்கள். கையிருப்பு வற்றியது. 2022 மார்ச்சில் பிடி தளர்ந்தது. மே மாதத்தில் டொலர் 360 ரூபாவைத் தாண்டியது. மத்திய வங்கிக்கே அந்த நிலையென்றால், ஒரு குடும்பத்தின் சேமிப்பு எம்மாத்திரம்?

இன்னொன்றையும் நினைவிற் கொள்ளுங்கள். மெய்நிகர் நாணயங்கள் குறித்து மத்திய வங்கி பொதுமக்களைப் பலமுறை எச்சரித்துள்ளது. அவற்றை வாங்க வங்கி அட்டைகளைப் பயன்படுத்தவும் அனுமதியில்லை.

எனவே, "எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்குமுன், "விலை எல்லை தாண்டினால் என் கையில் எது மிஞ்சும்?" என்று கேளுங்கள். மகளின் திருமணத்துக்கும் வீட்டுக் கூரைக்கும் சேர்த்த பணத்துக்கு இந்தக் கேள்வியே முதல் வேலி.